போலீஸிடம் சொன்னதற்கும் வழக்கா?



ஐயாவின் பெயரால் நடக்கும் நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்தபோது, இலக்கியம் பற்றிப் பேச என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்று தோழர்களிடம் சொன்னேன். நான் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். வாரத்தில் நாலு நாள் வாய்தா வாங்குவதும் வாய்தா கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதற்குத் தோழர்கள், "ஐயா எழுதிய கதைகளைவிட அவர் எழுதிய மனுக்கள்தான் அதிகம், அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார்கள். மறுக்க முடியவில்லை.

ஐயாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தட்டச்சு இயந்திரமும் தெரியும். நீதிமன்றத்துக்கு வெளியே மரத்தடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அழுதுகொண்டே வந்தால் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நீ பார்த்தது எது, கேள்விப்பட்டது எது? பார்த்ததை முதல்ல சொல்லு." பார்த்ததை ஒரு பத்தியிலும் கேள்விப்பட்டதை வேறு பத்தியிலும் அடிப்பார். நான் ஜூனியராக இருந்தபோது, மனுஷன் ஏன் இவ்வளவு இழுக்கிறார் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். அவதூறுச் சட்டத்தைப் படித்த பிறகுதான் அந்த இரண்டு பத்தியின் விலை எனக்குத் தெரிந்தது.

இன்றைய பேச்சு ஒரு பெண் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அவர் பெயரும் அந்த வீட்டின் முகவரியும் இங்கே வேண்டாம். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் 11 ஆண்டு வீட்டு வேலை செய்தவர். முதலில் அடையாற்றங்கரையில் குடியிருந்தார். பிறகு குடிசையை எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருவார். மாதம் 6,000 ரூபாய் சம்பளம். அவருக்குத் தனி டம்ளர், அது பால்கனியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அதைக் கேட்ட அன்று, லிஃப்டுக்கு முன்னால், வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து "பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சமுதாயத்தில் மிகுந்த மதிப்போடு வாழும் தன் கட்சிக்காரர் மீது காவல் துறையிடம் பொய்யாகப் புகார் சொல்லி அவர் மானத்துக்குப் பங்கம் விளைவித்துவிட்டாராம். 15 நாளுக்குள் புகாரைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கிரிமினல் அவதூறு வழக்கும்.

அந்த நோட்டீஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "போலீஸ்கிட்ட சொன்னதுக்குக்கூட கேஸ் போடுவாங்களா வக்கீலம்மா? பின்ன யார்கிட்டதான் சொல்றது?" என்று கேட்டார். 6,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10 லட்சம் என்றால் ஒரு பைசா செலவழிக்காமல் கிட்டத்தட்ட 14 ஆண்டு உழைக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ரெட்டமலை சீனிவாசன் நினைவு வந்தது. 1893இல் இதே சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். இரண்டணா விலையில் மாத இதழாக ஆரம்பித்தது. ஊர் ஊராகப் பட்ட அவதியை மக்கள் எழுதி அனுப்புவார்கள், அது அச்சேறி அரசாங்கத்தின் காதுக்குப் போகும். 1896இல், ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்தைக் காரணம் காட்டி வழக்குப் போட்டு, அவரை நீதிமன்றத்துக்கு இழுத்து, 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். இரண்டணா இதழில் 100 ரூபாய் என்றால் 800 பிரதி. குறையைக் கேட்டதற்கும் அதை அச்சிட்டதற்கும் நம் ஆட்கள் கொடுத்த விலைக்குச் சென்னையிலேயே இத்தனை வயது.

சரி, கேள்விக்கு வருவோம். போலீஸிடம் சொன்னதற்காக அவதூறு வழக்குப் போட முடியுமா? வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. நிற்குமா என்பதுதான் கேள்வி. அதற்குச் சட்டம் இரண்டு வாயால் இரண்டு பதில் சொல்கிறது.

முதலில் அவதூறு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1860 இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு. எண் மாறியிருக்கிறது, சரக்கு பெரும்பாலும் பழையதுதான். ஒருவரது பேருக்குக் கேடு வரும் என்று தெரிந்து அவர்மேல் ஒரு குற்றச்சாட்டை மூன்றாவது ஆளின் காதில் போட்டால் அவதூறு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவை என்ற தண்டனையையும் சேர்த்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகக் கொடுத்தால், அதற்கும் வழக்கமாகச் செய்கிற வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. அது போகட்டும்.

இந்தப் பிரிவில் நாலாவது விளக்கம் என்று ஒன்று இருக்கிறது. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். பேருக்குக் கேடு என்றால் என்ன என்று அது வரையறுக்கிறது. ஒருவரின் ஒழுக்கத்தையோ அறிவையோ பிறர் கண்ணில் தாழ்த்துவது, தொழில் சார்ந்த பேரைத் தாழ்த்துவது, கடன் வாங்கும் நாணயத்தைக் கெடுப்பது, உடம்பு அருவருக்கத்தக்க நிலையில் இருப்பதாக நம்பவைப்பது. இவற்றோடு, சாதி சார்ந்த பேரைத் தாழ்த்துவதும் உண்டு. ஆமாம், சாதி என்ற சொல்லே அங்கே இருக்கிறது. மெக்காலே காலத்து வரைவிலிருந்து வந்த சட்டம் அது. சாதிக் கட்டுப்பாட்டை மீறினான், தீட்டுப்பட்டான், சாதியை விட்டுத் தள்ளினார்கள் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அவன் மானம் போகும், ஆகவே அதைக் காப்பாற்ற வேண்டும் என்று வெள்ளைக்காரன் நினைத்தான். 164 ஆண்டு கழித்துப் புதுச் சட்டம் கொண்டுவந்தவர்களும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

சாதி சார்ந்த பேர் என்று ஒன்று சொத்தாக இருந்தால்தானே அது குறையும்? ஏணியின் அடிப்படியில் நிற்க வைக்கப்பட்டவருக்கு அந்தச் சொத்து எங்கே இருக்கிறது? மானநஷ்டம் என்ற சொல்லையே பாருங்கள். மானத்தை நஷ்டக் கணக்கில் எழுத, முதலில் அது வரவுக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த அடுக்ககத்துக்காரரின் மானத்துக்கு 10 லட்சம் என்று அவருடைய வக்கீல் ஒரே நாளில் விலை போட்டுவிட்டார். 11 ஆண்டு பால்கனியில் கவிழ்ந்து கிடந்த டம்ளருக்கு யாரும் விலை போடவில்லை.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமென்றால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாருமில்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணை எங்கே திட்டுவார்கள்? சமையலறையில்தான் திட்டுவார்கள். அதைப் பார்க்க அங்கே யார் இருப்பார்கள்? ஆனால் அதே பெண் ஸ்டேஷனுக்குப் போய் ஒரே ஒரு ரைட்டரிடம் அதைச் சொன்னால், அவதூறுச் சட்டத்தின்படி அது 'வெளியிடுதல்'. அதற்கு ஒரு காது போதும். இழிவுபடுத்தியவனைத் தண்டிக்க ஊர் பார்த்திருக்க வேண்டும், இழிவுபட்டவள்மேல் வழக்குப் போட ஒரு போலீஸ்காரர் கேட்டால் போதும். இந்தப் பெண்ணின் வழக்கில் லிஃப்ட் வாசலும் வாட்ச்மேனும் இருந்தது தற்செயல். அதற்கு முன் சமையலறையில் நடந்த 11 ஆண்டுக்குச் சாட்சி இல்லை.

இப்போது அந்த இரண்டு வாய். 1926ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போவோம்.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு நம் நாட்டில் தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைத்தான் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்பவர்மேல், அவர் சொன்னது எதுவாக இருந்தாலும், மானநஷ்ட வழக்குப் போட முடியாது. இதை முழுப் பாதுகாப்பு என்பார்கள். பொய் சொன்னால் பொய்ச்சாட்சி வழக்குத் தனியாக உண்டு, அது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஸ்டேஷன் வரைக்கும் நீளுமா? சஞ்சீவி ரெட்டி – கோனேரி ரெட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீளும் என்றது. போலீஸ் விசாரணையில் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது. இதன் நியாயம் எளியது. நாளைக்குக் கூண்டில் ஏறி அதையே சொல்லும்போது பாதுகாப்பு இருக்கிறது, இன்றைக்கு அதையே இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்போது இல்லை என்றால், கூண்டு வரைக்கும் யார் வந்து சேருவார்கள்?

அதே 1926இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு திருவேங்கட முதலி – திரிபுரசுந்தரி அம்மாள் வழக்கில் வேறு பதில் சொன்னது. கிரிமினல் அவதூறு வழக்கில் இங்கிலாந்தின் முழுப் பாதுகாப்பை இறக்குமதி செய்ய முடியாது. இந்திய தண்டனைச் சட்டம் தானே பத்து விதிவிலக்குகளை எழுதி வைத்திருக்கிறது, அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்தால்தான் தப்பிக்கலாம் என்றது. ஆக, ஒரே சொல்லுக்கு சிவில் நீதிமன்றத்தில் முழுக் குடை, கிரிமினல் நீதிமன்றத்தில் அரைக் குடை. நூறு ஆண்டாக நாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம். சிவில் பக்கத்திலும் எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு முழுப் பாதுகாப்பு, ஆனால் நாமாகப் போய்க் கொடுக்கும் முதல் புகாருக்கு நல்லெண்ணத்தோடு கொடுத்தால் மட்டுமே பாதுகாப்பு என்று பிரித்துப் பார்த்த தீர்ப்புகளும் உண்டு.

அந்த 1926க்கு இன்னொரு சிறப்பு இருக்கிறது. அதே ஆண்டு புனேயில், திலகரையும் சிப்ளூங்கரையும் சாடி எழுதிய ஒரு மராத்தி நூலுக்காக பிராமணரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த ஜேதே, ஜவள்கர் முதலியவர்கள் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். மேல்முறையீட்டில் அவர்களுக்காக வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவதூறுச் சட்டத்தை எதிர்த்தரப்பில் நின்று கையாளுவது நமக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கிரிமினல் வழக்கில் நமக்கு உதவுவது எட்டாவது விதிவிலக்கு. ஒரு விஷயத்தில் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம், நல்லெண்ணத்தோடு, ஒருவர்மேல் குற்றம் சொல்வது அவதூறாகாது. போலீஸ் நிலையம், மாஜிஸ்திரேட், மேலதிகாரி எல்லாம் இதற்குள் வரும். இங்கே நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருந்தது என்று சொல்வது மட்டும் போதாது. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் சொன்னேன் என்று காட்ட வேண்டும். ஐயாவின் இரண்டு பத்திக்கு வந்துவிட்டோம். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்து எழுதினாலே அந்தக் கவனம் காகிதத்தில் வந்துவிடும். நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையதுதான் என்றாலும், அரசுத் தரப்பைப்போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நம் பக்கம் நம்பத் தகுந்ததாக இருந்தால் போதும் என்று ஹர்பஜன் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

1999இல் வந்த ராஜேந்திர குமார் சீதாராம் பாண்டே வழக்கை என் மேஜையில் எப்போதும் வைத்திருப்பேன். ஒரு கருவூல அலுவலகத்தில், சக ஊழியர் குடித்துவிட்டு வந்து கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று சிலர் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊழியர் அவர்கள்மேல் அவதூறு வழக்குப் போட்டார். இது எட்டாவது விதிவிலக்குக்குள் வருகிறது, இவர்களை வழக்கு முழுக்க அலையவிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சம்மன் நிலையிலேயே வழக்கை ரத்து செய்தது. சம்மன் நிலையிலேயே என்பதைக் கவனியுங்கள். அவதூறு வழக்கில் தண்டனை அபூர்வம். வழக்கு நடக்கிற ஆண்டுகள்தான் அங்கே தண்டனை. கவிஞர் லீனா மணிமேகலைமேல் இயக்குநர் சுசி கணேசன் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் தொடுத்த அவதூறு வழக்கு நிலுவையில் இருந்தபோது, தீர்ப்பு எதுவும் வராத நிலையில், 2021இல் கவிஞரின் கடவுச்சீட்டு முடக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்டார். பெயரும் படிப்பும் உள்ளவருக்கே அந்த அலைச்சல். புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுக்கும் முன் எதிர்த்தரப்பின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 223ஆவது பிரிவு சொல்கிறது. எட்டாவது விதிவிலக்கை அங்கேயே எடுத்து வைக்கலாம்.

வெளிநாட்டில் எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2008இல் வெஸ்ட்காட் வழக்கு. மாமனார் தன்னையும் குழந்தையையும் தாக்கினார் என்று மருமகள் போலீஸில் சொன்னார். போலீஸ் மேல்நடவடிக்கை எடுக்கவில்லை. மாமனார் மருமகள்மேல் அவதூறு வழக்குப் போட்டார். முதல் புகாருக்கே முழுப் பாதுகாப்பு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

அப்படியானால் நாமும் முழுப் பாதுகாப்பு கேட்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவைப் பார்த்த பிறகு சற்றுத் தயங்குகிறேன். 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட கறுப்பின மனிதர் ஒருவரைக் காட்டி, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் என்னை மிரட்டுகிறார் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீஸைக் கூப்பிட்டதை உலகமே வீடியோவில் பார்த்தது. அதே நாளில்தான் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் முழங்காலின் கீழ் இறந்தார். அந்த ஆண்டே கலிஃபோர்னியா தன் சட்டத்தைத் திருத்தியது. பொய் என்று தெரிந்தோ, உண்மை பொய்யைப் பற்றிக் கவலையே இல்லாமலோ போலீஸிடம் ஒருவர்மேல் குற்றம் சொன்னால் அங்கே இனி முழுப் பாதுகாப்பு இல்லை. ஒடுக்கப்பட்டவர் போலீஸிடம் போகும்போது பாதுகாப்பு வேண்டும். ஒடுக்குகிறவர் போலீஸை நம்மேல் ஏவும்போது அதே பாதுகாப்பு அவருக்கும் குடையாகிறது. நகை காணவில்லை என்றதும் வேலைக்காரப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஸ்டேஷனுக்கு போன் போடும் வீடுகள் தி.நகரிலும் அடையாறிலும் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நகை பீரோவிலேயே கிடைத்த பிறகு யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

இந்த இடத்தில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு எந்தச் சட்டத்தையும்விடக் கூர்மையாக யோசித்திருக்கிறது என்பேன். அதன் 3(1)(q) பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவருக்குத் தொல்லை தருவதற்காக அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. நகைத் திருட்டுப் பொய்ப் புகார் அதற்குள் வரும். 3(1)(p) பிரிவு, அவர்கள்மேல் பொய்யாகவோ வஞ்சத்தோடோ தொல்லை தரும் நோக்கத்தோடோ சிவில், கிரிமினல் வழக்குத் தொடுப்பதையே வன்கொடுமை என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வன்கொடுமைப் புகாரைத் திரும்பப் பெறவைப்பதற்காக அவதூறு வழக்குப் போட்டால், அந்த வழக்கே ஒரு வன்கொடுமையாகலாம். வழக்குப் போட்டதாலேயே தானாக ஆகிவிடாது, வஞ்சத்தை நாம் காட்ட வேண்டும். ஆனால் "புகாரைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் 10 லட்சம்" என்று எதிர்த்தரப்பு வக்கீலே லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருக்கும்போது அதைக் காட்டுவது அவ்வளவு கடினமா? என் அனுபவத்தில் இந்தப் பிரிவை எடுத்துப் பேசும் வக்கீல்கள் குறைவு. நானே பல ஆண்டு எடுத்ததில்லை, அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

'பொய்ப் புகார்' என்ற சொல்லின் பாரத்தை நாம் 2018இல் பார்த்தோம். மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை, கைதுக்கு முன்அனுமதி என்று உச்ச நீதிமன்றம் வேலி கட்டியது. ஏப்ரல் 2 பாரத் பந்த்தில் பலர் உயிரிழந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமே தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. ஒரு வகுப்பாராகவே இவர்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஊகிக்க இடமில்லை என்றும் சொன்னது. நிரூபணம் போதாமல் குற்றவாளி விடுதலையானால் புகார் பொய் என்று ஆகாது. வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் நடந்ததை அந்த மலைவாழ் பெண்கள் சொன்னபோது அதிகாரிகள் மறுத்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் தண்டித்தது. 19 ஆண்டு அவர்கள் பொய் சொன்னவர்களாக இருந்தார்கள்.

இனி தோழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்குள் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பு ஸ்டேஷன் வாசலில் மைக் முன்னால் சொன்னதற்குக் கிடையாது. சென்னையில் இதற்கு நல்ல உதாரணம் அறப்போர் இயக்கத்தின் வழக்கு. நெடுஞ்சாலை டெண்டர்கள் பற்றி 2022இல் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் அவர்கள் முன்னாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிமேல் புகார் கொடுத்தார்கள், அதைப் பொதுவெளியிலும் பேசினார்கள். அவர் உயர் நீதிமன்றத்தில் 1 கோடியே 10 லட்சம் ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அவரைப் பற்றி அவதூறாகப் பேசக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புகார் உண்மையா பொய்யா என்பது இங்கே நம் பேச்சில்லை. தடை தொட்டது பொதுவெளிப் பேச்சை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எட்டாவது விதிவிலக்கு அதிகாரம் உள்ளவரிடம் சொல்வதைக் காக்கும். ஃபேஸ்புக்குக்கு அந்த அதிகாரம் இல்லை.

அதற்காக வாயை மூடச் சொல்லவில்லை. 1994இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடும் விவகாரத்தில், நம் திருவான்மியூர்ப் பகுதியில் நடந்த கொலைகளை ஒட்டி வந்த வழக்கு அது, உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அதிகாரிகளுக்கு அவதூறாகும் என்று அஞ்சி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. நீதிமன்ற ஆவணம் உட்படப் பொது ஆவணத்தில் ஏறிய விஷயத்தைப் பற்றி எழுத உரிமை உண்டு, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் மட்டும் விலக்கு. ஆகவே பத்திரிகையாளரிடம் பேசும்போது "இப்படிப் புகார் கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதி, இந்த எண், இந்தப் பிரிவு" என்று பேசுங்கள். "அவன் இப்படிப்பட்டவன்" என்று தொடங்காதீர்கள். 2023இல் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் போராடியபோது, ஒரு முன்னாள் மாணவி அடையாறு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்த புகாரில்தான் வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது. அத்தனை நாள் முழக்கத்துக்கும் சட்டத்தில் கால் ஊன்ற இடம் கொடுத்தது அந்தக் காகிதம்.

காகிதம் என்றதும் இன்னொன்று. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டமே போடக் கூடாது என்கிறது. என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் புகாரில் மட்டும் கையெழுத்துப் போட்டு நகலில் முத்திரை வாங்குங்கள். சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வன்கொடுமைப் புகாரை இன்ஸ்பெக்டர் பதியவில்லை என்றால் அந்தக் கடமை தவறியதற்கே நான்காவது பிரிவு இருக்கிறது. புகாரை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் மூன்று முறை யோசியுங்கள். ஸ்டேஷனில் பாதுகாப்பாக இருந்த அதே பக்கம் அடுக்ககக் குழுவில் போனால் புதிய வெளியீடு.

நோட்டீஸ் வந்தாலும் பதறாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தபால் செலவு போதும். தமிழ்நாட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடக் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். சிவில் வழக்குக்கு ஓர் ஆண்டுதான் கெடு. கிரிமினலுக்கு மூன்று ஆண்டு.

அந்தப் பெண்ணுக்காக நான் அனுப்பிய பதில் நாலு பத்தி. புகாரில் உள்ளது முழுக்க அவர் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. அதைச் சொன்ன இடம் அதிகாரம் உள்ள இடம். நோட்டீஸின் நோக்கம் புகாரைத் திரும்பப் பெறவைப்பது. அது 3(1)(p) பிரிவில் வரும். கூடவே உதவி ஆணையருக்கு ஒரு மனு, அதில் நோட்டீஸின் நகல். இரண்டாவது மாதம் எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஓர் ஆண்டு கெடு கடந்தும் சிவில் வழக்கு வரவில்லை. வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டார், சம்மன் அங்கே போயிருக்கிறது. வருவாரா என்று தெரியவில்லை.

போன வாரம் அந்தம்மா வந்திருந்தார். இப்போது வேறு வீட்டில் வேலை, ராஜா அண்ணாமலைபுரத்தில். நோட்டீஸ் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. "இதைக் கிழிச்சுப் போட்டுரலாமா?" என்று கேட்டார். வழக்கு முடியும்வரை வேண்டாம், அது நம் பக்கச் சாட்சி என்றேன். பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு மாசச் சம்பளத்தை எதுல கேக்கறது வக்கீலம்மா?" என்றார். தொழிலாளர் அதிகாரிக்குத் தனி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி. 12,000 ரூபாய் இன்னும் வரவில்லை.